வேடர் தலையணியும் சொல்லின் கால்வழியும்: ஸ்பானிய ‘மொந்தேரா’ பற்றிய ஒரு சொல்வரலாறு

சொற்பிறப்பு ஆராய்வோர்க்கு ஆடை அணிகளின் பெயர்கள் நல்ல பயிற்சிக்களமாக அமைகின்றன. ஆடை நைந்து மறைந்துவிடும். அதனை முதலில் அணிந்தவர் யார், எந்நிலத்தில் எத்தொழிலுக்காக அணிந்தார் என்னும் செய்தி பெயருக்குள் தங்கிவிடும். இவ்வுரையில் ஸ்பெயின் நாட்டின் பழைய வேட்டைத் தொப்பி ஒன்றினை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் ‘மொந்தேரா’. தமிழ் எழுத்து மரபுக்கேற்ப இவ்வாறு எழுதினும், இதிலுள்ள தகரத்தைப் ‘பத்து’ என்னும் சொல்லில் ஒலிப்பது போல வல்லொலியாகவே ஒலித்தல் வேண்டும்.

இன்று ஸ்பெயினில் இச்சொல்லைக் கேட்போர் மனத்தில் முதலில் தோன்றுவது காளைப்போர் வீரன் தலையிலுள்ள கருந்தொப்பியே. இப்பெயர் வந்த காரணத்தை வினவினால், 19ஆம் நூற்றாண்டில் புகழுடன் விளங்கிய பிரான்சிஸ்கோ மொந்தெஸ் என்னும் காளைப்போர் வீரரே அத்தொப்பியைக் களத்தில் புகுத்தினார் என்றும், மொந்தெஸ் அணிந்தது மொந்தேரா ஆயிற்று என்றும் விடை கூறுவோர் பலர். விடை எளியது; கேட்பதற்கும் இனியது. ஆயினும் அது பொருந்தாது. பொருந்தாமையைச் சான்று கொண்டு காட்டுவதும், அவ்வாறு காட்டும் முறை நம் தமிழ்ச் சொல்லாய்வுக்கு எவ்வகையில் பயன்படும் என்று எண்ணிப் பார்ப்பதும் இவ்வுரையின் நோக்கங்கள்.

தொப்பியின் வடிவம்

பொருளை அறியாமல் பெயரை ஆராய்தல் இருட்டில் துழாவுவதை ஒக்கும். ஆதலின் முதலில் பொருளைக் காண்போம். ஸ்பானிய மொழிக்கழகம் 1713இல் நிறுவப்பெற்றது. அக்கழகம் வெளியிட்ட முதற் பேரகராதியின் நான்காம் தொகுதி 1734இல் வெளிவந்தது. அதில் மொந்தேராவுக்குத் தெளிவான விளக்கம் உள்ளது. துணியை நான்கு கூறுகளாக வெட்டி ஒன்றாகத் தைத்த வட்டமான தலைப்பகுதியும், நெற்றியையும் செவிகளையும் மறைக்குமாறு சுற்றிலும் அமைந்த மடிப்பும் கொண்ட தலையணி என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வடிவத்தின் பயனை, ஸ்பானிய மொழியின் மற்றொரு தலையணிப் பெயரோடு ஒப்பிட்டால் எளிதில் உணரலாம். ‘சொம்பிரேரோ’ என்னும் அகன்ற விளிம்புத் தொப்பியை நாம் திரைப்படங்களிலேனும் கண்டிருப்போம். நிழல் எனப் பொருள்படும் ‘சொம்பிரா’ என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நிழல் தருவது சொம்பிரேரோ. வெயிலில் நடப்போர்க்கு அகன்ற விளிம்பு துணை செய்யும். புதர்களுக்கிடையே விலங்கைத் தொடர்ந்து ஓடுவோர்க்கோ அதே விளிம்பு கிளைகளில் சிக்கி இடையூறு செய்யும். வேடனுக்கு வேண்டுவது தலையை இறுகப் பற்றி நின்று, குளிர்காலத்தில் செவிகளையும் காக்கும் தொப்பி. இவ்விரு பெயர்களுள் ஒன்று பொருளின் பயனைச் சொல்லுகிறது. மற்றொன்று பொருளை உடையவனைச் சொல்லுகிறது. எவ்வாறு சொல்லுகிறது என்பதைச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துக் காண்போம்.

வேர்: மலையும் காடும்

மொந்தேராவின் முதலுறுப்பு ‘மொந்தே’ என்பது. இலத்தீன் மொழியில் மலையைக் குறித்த ‘மோன்ஸ்’ என்னும் பெயர், இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது ‘மொந்தெம்’ என்றாகும். அவ்வடிவின் இறுதி மகரம் தேய்ந்து ஸ்பானிய மொழியில் ‘மொந்தே’ என நின்றது. வடிவ அளவில் இது எளிய மாற்றம். பொருள் அளவில் நிகழ்ந்த மாற்றமே நம் கருத்தை ஈர்ப்பது.

ஸ்பானிய மொழியில் மொந்தே மலையை மட்டும் குறிப்பதன்று. உழப்படாத, மரமும் புதரும் மண்டிய நிலம் அனைத்தையும் அது குறிக்கும். நெடுமரம் அடர்ந்த இடம் ‘உயர் மொந்தே’. குறுமரமும் புதரும் நிறைந்த இடம் ‘தாழ் மொந்தே’. பின்னதில் மலையின் உயரம் சிறிதும் இல்லை என்பது வெளிப்படை. சமநிலங்கள் உழவுக்கு உள்ளாகி, மரங்கள் மலைச்சரிவுகளில் மட்டும் எஞ்சும் நாட்டில் மலையின் பெயர் காட்டின் பெயராகவும் ஆவது இயல்பே. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனக் கற்றுவந்த நமக்கு இப்பொருள் விரிவு வியப்பளிக்காது.

வேட்டைக்குரிய விலங்கு மொந்தேயில் வாழ்கிறது. ஆகவே காட்டுப்பன்றி, மான், கரடி ஆகியவற்றை நாய்களையும் ஆட்களையும் கொண்டு விரட்டி வேட்டையாடுதல் ‘மொந்தெரீயா’ எனப்பட்டது. இவ்வேட்டை பற்றிக் காஸ்தில் நாட்டு மன்னர் பதினோராம் அல்ஃபோன்சோவின் பெயரில் ஒரு நூல் வழங்குகிறது. அம்மன்னர் 1312 முதல் 1350 வரை அரசாண்டவர். வேட்டை நூல் எனப்படும் அந்நூல் மூன்று பகுதிகளை உடையது. அவற்றுள் மூன்றாம் பகுதி, நாட்டின் எந்தெந்த மொந்தேக்களில் எவ்விலங்கு எப்பருவத்தில் கிடைக்கும் என்று வட்டாரம் வட்டாரமாக வரிசைப்படுத்துகிறது. இடைக்கால ஸ்பெயினில் கரடிகள் எங்கெங்கு வாழ்ந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் அப்பட்டியலை நாடுகின்றனர். இடப்பெயர் ஆய்வாளர்க்கும் அது ஒரு கருவூலம். அந்நூலைக் கொன்சாலோ அர்கோத்தே தெ மோலினா என்னும் அறிஞர் 1582இல் செவில் நகரில் அச்சிட்டார்.

ஒட்டு: நிலத்திலிருந்து மனிதன்

மொந்தேயோடு ‘ஏரோ’ என்னும் பின்னொட்டுச் சேர்ந்தால் ‘மொந்தேரோ’ ஆகும். மொந்தேயில் தொழில் செய்பவன், அதாவது வேடன் என்பது பொருள். இப்பின்னொட்டு இலத்தீனத்தில் ‘ஆரியுஸ்’ என்றிருந்தது. ஒரு பொருளோடு தொழில்முறைத் தொடர்பு உடையவரை அது குறித்தது. இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரும்’ என்பதிலிருந்து ‘ஃபெர்ராரியுஸ்’ பிறந்தது. அதுவே கொல்லனைக் குறிக்கும் ஸ்பானிய ‘எர்ரேரோ’. புத்தகம் ‘லிப்ரோ’, அதை விற்பவர் ‘லிப்ரேரோ’. காலணி ‘சப்பாத்தோ’; அதைத் தைப்பவர் ‘சப்பாத்தேரோ’.

இப்பின்னொட்டின் பெண்பால் வடிவமாகிய ‘ஏரா’ கருவிகளுக்கும் கலங்களுக்கும் பெயரிடப் பெரிதும் பயன்படுகிறது. ‘சோப்பா’ என்பது சாறு. அதனை ஊற்றிவைக்கும் கலம் ‘சொப்பேரா’. காப்பி ‘கஃபே’, அதற்குரிய கலம் ‘கஃபெத்தேரா’. இவ்வரிசையில் மொந்தேராவை வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கிவிடும். மொந்தேரோவுக்கு உரிய பொருள் மொந்தேரா. மொந்தேயிலிருந்து நேராகவே பிறந்தது எனக் கொள்ளினும் இழுக்கில்லை. இரு வழிகளும் ஒரே வேரிற் சென்று முடிகின்றன.

நிலத்தின் பெயரிலிருந்து அந்நிலத்து வேடனின் பெயர் பிறப்பதைத் தமிழிலும் காண்கிறோம். கான் என்பது காடு. கானவன் என்பான் காட்டில் வேட்டையாடி வாழ்பவன். குறிஞ்சி நில மக்களாகச் சங்கப் பாடல்கள் காட்டும் கானவரும் காஸ்தில் நாட்டு மொந்தேரோக்களும் ஒரே பெயரீட்டு முறையால் பெயர் பெற்றவர்கள். இரு மொழிகளுக்கும் இதில் யாதொரு கொள்வினையும் இல்லை. ஒத்த வாழ்க்கை ஒத்த பெயரீட்டை ஈன்றது, அவ்வளவே. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வுரையின் இறுதியில் இதற்குத் தேவை ஏற்படும்.

மொந்தேரோ என்னும் பெயர் அரண்மனையிலும் உயர்ந்த இடம் பெற்றது. அரசர் உறங்கும்போது இரவுக் காவல் புரிந்தவர்கள் ‘எஸ்பினோசாவின் மொந்தேரோக்கள்’ எனப்பட்டனர். வட ஸ்பெயினில் புர்கோஸ் மாவட்டத்திலுள்ள எஸ்பினோசா தெ லோஸ் மொந்தேரோஸ் என்னும் ஊர் அவர்களின் தாயகம். இன்றைய ஸ்பானிய அரச காவற்படையிலும் ஒரு பிரிவு இப்பெயரைத் தாங்குகிறது. வேட்டையைக் குறித்த சொல் நம்பிக்கைக்குரிய காவலரைக் குறிக்கலாயிற்று. வேரோ அதே மொந்தே.

சான்று: சொல் எப்போது வழங்கியது?

இனி காலத்தைக் காண்போம். பிரான்சிஸ்கோ மொந்தெஸ் 1805இல் தென் ஸ்பெயினின் சிக்லானா என்னும் ஊரில் பிறந்து 1851இல் மறைந்தார். அவருடைய பெயரால் தொப்பி பெயர் பெற்றது உண்மையாயின், அச்சொல் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் வழங்கியிருத்தல் இயலாது.

நாம் முன்னர்க் கண்ட 1734ஆம் ஆண்டு அகராதி ஒன்றே இவ்வாதத்தை வீழ்த்தப் போதுமானது. எனினும் அதற்கும் முற்பட்ட சான்றுகள் உள்ளன. செபாஸ்தியான் தெ கோவருபியாஸ் 1611இல் வெளியிட்ட காஸ்தில் மொழிக் கருவூலம் என்னும் அகராதி, மொந்தேராவை வேடரோடு தொடர்புபடுத்தியே விளக்குகிறது. மொந்தெஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னரே தொப்பியும் பெயரும் பெயர்க்காரணமும் அகராதியில் ஏறிவிட்டன.

இலக்கியச் சான்று இன்னும் சுவையானது. செர்வான்தெஸ் இயற்றிய தோன் கிஹோத்தே நூலின் முதற்பகுதி 1605இல் வெளிவந்தது. அதில் தொரொத்தேயா என்னும் பெண் உழவர் வீட்டு இளைஞனைப் போல வேடமிட்டு மலையில் மறைந்து வாழ்கிறாள். ஓடையில் கால் கழுவும் அவள் தன் பழுப்பு நிற மொந்தேராவைக் கழற்றியதும் நீண்ட கூந்தல் அவிழ்ந்து விழுகிறது. மறைந்திருந்து நோக்குவோர் அவளைப் பெண்ணென அறிகின்றனர். 1615இல் வந்த இரண்டாம் பகுதியிலோ, தோன் தியேகோ தெ மிராந்தா என்னும் செல்வர் மென்பட்டு மொந்தேரா அணிந்து குதிரைமீது வருகிறார். வேட்டையும் மீன்பிடித்தலும் அவருடைய பொழுதுபோக்குகள். ஒரே நூலில் ஏழை உழவன் கோலத்துக்கும் செல்வரின் உலாவுக்கும் ஒரே பெயருடைய தொப்பி பொருந்துகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொந்தேரா வேடர் தலையைவிட்டு நாட்டு மக்கள் பலருடைய தலைக்கும் வந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

காட்டிலிருந்து களத்துக்கு

மாட்ரிட் நகரத்தை அடுத்த எல் பார்தோ காட்டில் தோர்ரே தெ லா பராதா என்னும் வேட்டை மாளிகை ஒன்று இருந்தது. அதற்காக ஓவியர் வெலாஸ்கெஸ் 1630களில் மூன்று வேட்டைக்கோலப் படங்களைத் தீட்டினார். மன்னர் நான்காம் ஃபிலிப், அவருடைய தம்பி ஃபெர்னாந்தோ, சிறுவனான இளவரசன் பல்தசார் கார்லோஸ் ஆகிய மூவரும் அவற்றில் துப்பாக்கியும் நாய்களுமாக நிற்கின்றனர். மணிமுடி இல்லை, எளிய வேட்டைத் தொப்பியே தலையில் உள்ளது. அப்படங்கள் இன்று மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளன. தொப்பி அரசனை வேடனாக்கிக் காட்டிய காலம் அது.

நூற்றாண்டு ஒன்று கழிந்தபின் நிலை மாறியது. 1766 மார்ச்சு மாதத்தில் மூன்றாம் கார்லோஸ் மன்னரின் அமைச்சர் எஸ்கிலாச்சே, மாட்ரிட் நகரில் நீண்ட மேலங்கியையும் அகன்ற விளிம்புத் தொப்பியையும் தடை செய்தார். முகத்தை மறைத்துத் திரிவோரைத் தடுப்பது அத்தடையின் நோக்கம். அதற்கு மாற்றாக மும்முனைத் தொப்பி விதிக்கப்பட்டது. மிக எளிய மக்கள் அணிந்த மொந்தேராவுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. உணவு விலையேற்றத்தால் முன்னரே குமுறிக்கொண்டிருந்த மக்கள் இவ்வாணையால் கொதித்தெழுந்தனர். மன்னர் தலைநகரைவிட்டு நீங்க நேர்ந்தது. அமைச்சர் பதவியிழந்து நாட்டைவிட்டே வெளியேறினார். தலையணி ஒன்று ஆட்சியையே அசைத்த அந்நிகழ்ச்சியில், ஒருகாலத்தில் மன்னர் தலையிலும் இருந்த வேட்டைத் தொப்பி ஏழைகளின் தொப்பியாகக் குறிக்கப்படுவது நோக்குதற்குரியது.

வட்டாரந்தோறும் அதன் வடிவமும் மாறியது. வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கூர்முனைகள் கொண்ட மொந்தேரா மரபுடையின் அடையாளமாக இன்றும் விழாக்களில் அணியப்படுகிறது. கலீசியாவில் அப்பெயர் ‘மொந்தெய்ரா’ என ஒலிக்கிறது. கடல் கடந்த தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் குஸ்கோ மலைப்பகுதியில் கெச்சுவா இனப் பெண்கள் அணியும் தட்டையான வட்டத் தொப்பிக்கும் மொந்தேரா என்பதே பெயர். பொலிவியாவின் தராபூக்கோ மக்களிடத்தில் அப்பெயர் தோலாலான தலைக்கவசம் போன்ற தொப்பியைக் குறிக்கிறது. பொருளின் வடிவம் முற்றிலும் மாறினும் பெயர் விடாது தொடர்ந்தது.

பொருள் விரிவு தலையோடும் நிற்கவில்லை. அந்தலூசியா வீடுகளின் நடுமுற்றத்துக்கு மேலே அமைக்கும் கண்ணாடிக் கூரையையும் மொந்தேரா என்பர். வீட்டின் தலையில் கவிந்த தொப்பி அது. பிறர் பேச்சைப் பொருட்படுத்தாது வாழ்பவரை, ‘உலகத்தையே மொந்தேராவாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டவர்’ என்று சொல்லும் மரபுத்தொடரும் ஸ்பானிய மொழியில் உண்டு.

மொந்தெஸ் கதை ஏன் நிலைத்தது?

காளைப்போர் வீரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கூந்தலை வலையில் முடிந்தும், இருமுனை அல்லது மும்முனைத் தொப்பி அணிந்தும் களம் புகுந்தனர். பாக்கீரோ என்னும் சிறப்புப் பெயர் பெற்ற பிரான்சிஸ்கோ மொந்தெஸ் 1836இல் தம் பெயரில் வெளிவந்த நூலின் வழியாகக் களத்தின் ஒழுங்குகளை வகுத்தவர். வீரர் உடையின் இன்றைய ஒளிமிகு தோற்றத்துக்கும் அவரே பெருங்காரணர். இருபுறமும் குமிழ்போலப் புடைத்த கருந்தொப்பி 1830களில் நிலைபெற்றதும் அவர் காலத்திலேயே. அதற்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை; தலையை இறுகப் பற்றும் தொப்பிக்கு மொழியில் முன்னரே இருந்த பெயர் ஏறியது.

அப்பெயரைச் சுற்றி களத்திலும் வழக்குகள் வளர்ந்தன. ஓர் அரங்கில் முதன்முறையாகத் தோன்றும் வீரர் அணிவகுப்பின்போது தொப்பியைக் கையில் ஏந்தி வெறுந்தலையராக நடப்பார். அந்நிலைக்கு மொந்தேராவின் வேரிலிருந்தே ‘தெஸ்மொந்தெராதோ’ என்னும் சொல் உண்டாயிற்று. காளையை மக்களுக்குக் காணிக்கையாக்கியபின் வீரர் தொப்பியை மணலில் எறிவதுண்டு. அது வாய் மேல்நோக்கி விழுந்தால் தீய குறி என்பர்.

இவ்வாறு தொப்பி முழுதும் காளைப்போருக்கு உரியதாகிவிட்டது. வேடனின் மொந்தேரா வழக்கிழந்தது. பெயரின் உண்மையான உரிமையாளன் கண்ணில் இல்லாதபோது, கண்முன் நின்ற புகழ்வாய்ந்த மனிதரின் பெயரோடு மக்கள் அதனை இணைத்தனர். மொந்தெஸ், மொந்தேரா என்னும் ஒலியொப்புமை அதற்குத் துணை செய்தது. அவ்வொப்புமைக்கும் காரணம் உண்டு. மொந்தெஸ் என்பது மொந்தேயின் பன்மை வடிவமே. வீரரின் குடும்பப்பெயரும் தொப்பியின் பெயரும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை.

மொழியியலார் இத்தகைய விளக்கத்தை நாட்டார் சொற்பிறப்பு என்பர். மாட்ரிட் நகரின் நடுவே மொந்தேரா தெரு என்று ஒன்று உள்ளது. அரசரின் வேடர் ஒருவருடைய அழகிய மனைவி அங்கு வாழ்ந்தமையால் அப்பெயர் வந்தது என்பது ஒரு கதை. அங்கிருந்த மேடு தொப்பி வடிவில் தோன்றியது என்பது மற்றொரு கதை. தமிழகத்திலும் இதற்கு ஈடு காட்டலாம். தேவாரம் மறைக்காடு எனப் போற்றும் ஊர் வேதாரணியம் என வடமொழியாக்கம் பெற்றது. மரை என்னும் மான் திரிந்த மரைக்காடே மறைக்காடு ஆயிற்று என அறிஞர் சிலர் கருதுவர். மரை மறைந்தது, மறை நிலைத்தது. நாட்டார் சொற்பிறப்பு வெறும் பொய்யன்று. மக்கள் எதனை நினைவிற் கொண்டனர் என்பதற்கு அது சான்று. சொல் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் அது சான்றாகாது.

கடல் கடந்த பெயர்

ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இத்தொப்பியை அறிந்திருந்தனர். பிரான்சிஸ் பேக்கன் எழுதி 1627இல் வெளிவந்த புதிய அட்லாண்டிஸ் நூலில், ஒருவருடைய தொப்பி ஸ்பானிய மொந்தேராவுக்கு ஒப்பிடப்படுகிறது. லாரன்ஸ் ஸ்டேர்ன் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய டிரிஸ்ட்ராம் ஷாண்டி புதினத்தில் டிரிம் என்னும் படைவீரர் தம் செந்நிற மொந்தேரோத் தொப்பியை உயிர்போற் பேணுகிறார். தொப்பியின் பெயர் ஆங்கிலத்தில் ஓகார ஈறு பெற்றமை காண்க. அக்கால ஆங்கிலேயர், ஸ்பானியச் சொல் என்றாலே ஓகாரத்தில் முடிய வேண்டும் என எண்ணியவர் போலப் பல சொற்களை மாற்றினர். தடியடியைக் குறிக்கும் ‘பஸ்தொனாதா’ அவர்கள் வாயில் ‘பேஸ்டினாடோ’ ஆனது. பிறமொழி ஒலிப்பைப் பின்பற்றும் ஆர்வம் மிகுந்து, அம்மொழியில் இல்லாத வடிவத்தைப் படைத்துவிட்டது.

நம் மண்ணுக்கும் இப்பெயர் வந்துள்ளது. ‘ஆரியுஸ்’ என்னும் இலத்தீன் ஒட்டு ஸ்பானிய மொழியில் ‘ஏரோ’ ஆனதுபோலப் போர்ச்சுகீசிய மொழியில் ‘எய்ரோ’ ஆனது. வேடன் அங்கு ‘மொந்தெய்ரோ’. 1511இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றியபின் அவர்களின் குடும்பப் பெயர்கள் இவ்வட்டாரத்தில் வேரூன்றின. மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் யூரேசியரிடையே மொந்தெய்ரோ என்னும் குடும்பப்பெயர் வழங்குகிறது. சிங்கப்பூரில் மருத்துவப் பேராசிரியராகவும், பின்னர் அமெரிக்காவுக்கான தூதராகவும் பணியாற்றிய எர்னஸ்ட் மொந்தெய்ரோ அப்பெயரினர். தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையிலும் நாம் கேட்கும் பெரைரா, பெரேரா ஆகியவற்றிலும் இதே ஒட்டின் பெண்பால் வடிவமே உள்ளது. பேரிக்காய் மரம் என்பது அதன் பொருள்.

இன்னுமொரு சான்று நம் சாலைகளில் ஓடுகிறது. மலேசியாவில் பஜேரோ என்னும் பெயரில் பலரும் அறிந்த மிட்சுபிஷி ஊர்தி, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் ‘மொந்தேரோ’ என்னும் பெயரில் விற்கப்பட்டது. முதற்பெயர் ஸ்பானியப் பேச்சுவழக்கில் இழிபொருள் தருவதே காரணம். காடு மேடு ஏறும் வண்டிக்கு வேடன் பெயர் பொருந்திற்று.

நமக்குரிய பாடம்

இறுதியாக, ஒரு கற்பனை வாதத்தை அவையோர் முன் வைக்கிறோம். மொந்தேரா தலையில் அணிவது. தமிழில் தலையை மண்டை என்கிறோம். மண்டை, மொந்தே என்னும் ஒலிகள் நெருங்கியவை. ஆகவே மொந்தேரா தமிழ்ச்சொல் என்று ஒருவர் கூறினால் நாம் என்ன விடை சொல்வோம்? இத்தகைய வாதங்கள் நம் மேடைகளுக்குப் புதியன அல்ல. கைதட்டலும் பெறுகின்றன.

விடை சொல்ல நான்கு வினாக்கள் போதும். ஒலிமாற்றம் பிற சொற்களிலும் அவ்வாறே நிகழ்கிறதா? பொருள்மாற்றத்தின் இடைப்படிகள் தெரிகின்றனவா? பழைய ஆவணங்களில் சொல் எப்போது தோன்றுகிறது? ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வழியாகச் சென்றது? மண்டை என்னும் விளக்கம் இவற்றுள் ஒன்றுக்கும் விடை தராது. மொந்தே, மொந்தேரோ, மொந்தேரா என்னும் வரிசையோ ஒவ்வோர் உறுப்பையும் ஸ்பானிய மொழிக்குள்ளேயே விளக்கிவிடுகிறது. கானவனும் மொந்தேரோவும் ஒத்திருந்தும் உறவினர் அல்லர் என்று முன்னர்க் கூறியதை இங்கு நினைவுகூர்க. பொருளமைப்பு ஒத்திருப்பதே உறவுக்குப் போதாதெனில், ஒலி மட்டும் ஒத்திருத்தல் எங்ஙனம் போதும்?

அதே ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுப் பழத்துக்கு ‘நரான்ஹா’ என்று பெயர். அது அரபு ‘நாரஞ்ச்’ என்பதிலிருந்தும், அரபுச் சொல் பாரசீக ‘நாரங்க்’ என்பதிலிருந்தும், அது வடமொழி ‘நாரங்க’ என்பதிலிருந்தும் வந்தவை. வடமொழிச் சொல்லுக்கு மூலம், நாரத்தை என்னும் நம் சொல்லோடு உறவுடைய திராவிட வடிவமே என்பது அறிஞர் பலர் கருத்து. இங்கு வழி தெரிகிறது. பழமே அவ்வழியில் பயணம் செய்தது. ‘கட்டமரான்’ என்னும் ஸ்பானியச் சொல்லும் அவ்வாறே நம் கட்டுமரம் ஆங்கிலத்தின் வழியாகச் சென்றடைந்தது. இவை நான்கு வினாக்களுக்கும் அஞ்சாத சொற்கள்.

மண்டையையும் நாரத்தையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் நேரும் இழப்பு ஸ்பானிய மொழிக்கு அன்று, நமக்கே. ஆதாரமற்ற உரிமைக் கூற்றைக் கேட்ட அயலார், ஆதாரமுள்ள உரிமையையும் ஐயுறுவர். வகுப்பறையில் ஒருமுறை பொய்யென்று கண்ட மாணவன் அடுத்த முறை மெய்யையும் நகைப்பான். இந்நாட்டில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு அன்றாடம் பழகும் நம் பிள்ளைகள் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மிக்கவர்கள். மேசையும் சாவியும் சன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியர் கொணர்ந்தவை என்பதையும், அவற்றுட் சில மலாயிலும் மெஜா, ஜெண்டேலா, அல்மாரி என வாழ்கின்றன என்பதையும் அவர்களுக்குக் காட்டுவோம். கடன் வாங்கியதை மறைக்காத மொழியே கடன் கொடுத்ததைத் தலைநிமிர்ந்து சொல்ல இயலும்.

காஸ்தில் நாட்டு வேடன் தன் தொப்பிக்கு உரிமை கோரி எந்த மேடையிலும் ஏறவில்லை. 1605ஆம் ஆண்டின் கதையும் 1611, 1734ஆம் ஆண்டுகளின் அகராதிகளும் அவனுக்காகச் சான்று பகர்ந்தன. நம் சொற்களுக்கும் அத்தகைய சான்றுகளைத் தேடித் தொகுப்பதே நாம் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.